கம்பியில்லா வேலி: அமிர்தி அடிவாரமும் புவிவேலி நுட்பமும்

வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள அமிர்தி, 1967இல் தொடங்கப்பட்ட வன உயிரியல் பூங்காவாலும் ஆற்றாலும் அருவியாலும் அறியப்பட்ட ஊர். இத்தகைய மலையடிவாரங்களில் காப்புக்காடு எங்கே முடிகிறது, பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்பதை வனத்துறையின் வரைபடமும் எல்லைக் கற்களுமே சொல்லும். மேயப் போகும் ஆட்டுக்கும் இரை தேடி இறங்கும் காட்டுப்பன்றிக்கும் அந்த எல்லை தெரிவதில்லை. சரிவும் ஓடையும் மாறிமாறி வரும் நிலத்தில் அகழி வெட்டுவது எளிதன்று. வெட்டினாலும் மழைநீர் அடித்துவரும் மண்ணால் அது தூர்ந்துபோகும். மண்ணில் ஒரு கம்பத்தையும் நடாமல் எல்லையைக் காக்க உதவும் நுட்பம் ஒன்று இன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘ஜியோஃபென்சிங்’ எனவும் தமிழில் புவிவேலி எனவும் வழங்கும் அது, கணினி வரைபடத்தில் ஓர் எல்லையை வரைந்து வைத்து, இருப்பிடம் காட்டும் கருவியைச் சுமந்திருக்கும் வாகனமோ படகோ விலங்கோ அந்த எல்லையைக் கடக்கும்போது உரியவருக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடாகும்.

இந்த ஏற்பாட்டின் முதல் உறுப்பு ‘ஜிபிஎஸ்’ எனப்படும் இடங்காட்டி முறை. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் 30 அளவிலான அமெரிக்கச் செயற்கைக்கோள்கள், தாம் இருக்கும் இடத்தையும் தம் அணுக்கடிகாரம் காட்டும் நேரத்தையும் இடைவிடாது ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. நொடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வரும் அந்த அலை தரையை அடைய நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை அளந்தால் செயற்கைக்கோளுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள தூரம் கிடைத்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடத்தைக் கணக்கிட முடியும் என்றாலும், கருவியில் இருப்பது சாதாரணக் கடிகாரமே என்பதாலும், நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட 300 மீட்டர் தவறு நேரும் என்பதாலும், அந்தப் பிசகைத் திருத்திக்கொள்ள நான்காவது செயற்கைக்கோள் ஒன்றும் தேவைப்படுகிறது. இஸ்ரோ உருவாக்கியுள்ள ‘நாவிக்’ முறையும் இதே அடிப்படையில் இந்தியாவுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் இடங்காட்டவென அமைக்கப்பட்டது.

இரண்டாவது உறுப்பு வேலி. கருவி தன் இடத்தை இரண்டு எண்களாகவே அறிகிறது: ஒன்று அட்சரேகை, மற்றொன்று தீர்க்கரேகை. அமிர்திக்கு அவை ஏறத்தாழ வடக்கு 12.7 பாகை, கிழக்கு 79 பாகை. அட்சரேகை எண்ணில் தசமப் புள்ளிக்குப்பின் மூன்றாம் இடத்து இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 111 மீட்டர் நகர்ந்ததாகப் பொருள். ஐந்தாம் இடத்தில் மாறினால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். வேலி வட்டமாக இருந்தால், நடுப்புள்ளியிலிருந்து கருவி இருக்கும் தூரம் ஆரத்தைவிடக் கூடுதலா குறைவா என்று பார்த்தாலே போதும். காட்டின் எல்லையோ வட்டமாக இருப்பதில்லை. ஓடையோடு வளைந்தும் வயலோடு ஒதுங்கியும் செல்லும் அதைப் பல புள்ளிகளை இணைத்த பலகோணமாகவே வரைய வேண்டும். அப்போது கணினி, கருவி இருக்கும் புள்ளியிலிருந்து ஏதேனும் ஒரு திசையில் நேர்க்கோடு ஒன்றை நீட்டி, அது வேலியை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுகிறது. ஒற்றைப்படையானால் புள்ளி வேலிக்குள் இருக்கிறது. இரட்டைப்படையானால் வெளியே இருக்கிறது. எல்லை எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் இந்த எண்ணிக்கை பொய்ப்பதில்லை.

மூன்றாவது உறுப்பு செய்தி. கருவி அறிந்த இடம் கைப்பேசி அலைவரிசை வழியாகவோ, அது எட்டாத இடங்களில் செயற்கைக்கோள் வழியாகவோ கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். மலைப்பகுதியில் இதற்கு இடையூறுகள் பல. திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் இடம் காட்டும் கருவி, பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரநிழலிலும் வானத்தின் ஒரு பகுதியையே காண்பதாலும், பாறையில் பட்டுத் திரும்பும் அலைகளையும் பெறுவதாலும், கூடுதலாகத் தவறுகிறது. எல்லையருகே நிற்கும் விலங்கு அசையாதிருக்கும்போதே உள்ளும் புறமும் மாறிமாறிச் சென்றதுபோல் வரைபடத்தில் தோன்றும். ஆகவே உண்மையான எல்லைக்கு முன்பே எச்சரிக்கை வளையம் ஒன்றை வரைவதும், அடுத்தடுத்த அளவீடுகள் ஒத்துப்போன பிறகே செய்தி அனுப்புவதும் வழக்கம். அடிக்கடி இடம் கேட்டால் மின்கலம் விரைவில் தீரும். நெடுநேரத்துக்கு ஒருமுறை கேட்டால் செய்தி வரும்போது யானை ஊருக்குள் நிற்கும்.

காட்டுயிர்க் காவலில் இந்த நுட்பத்துக்கு நன்கு அறியப்பட்ட முன்னோடி கென்யாவில் உள்ளது. அங்குள்ள ஒல் பெஜெட்டா காப்பகத்தில், வயல்களில் புகுந்து பழகிய கிமானி என்னும் ஆண் யானையின் கழுத்துப்பட்டையில் சிம் அட்டை பொருத்தப்பட்டது. வரைபட எல்லையை அது கடந்ததும் காவலர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது, அவர்கள் வண்டியில் விரைந்து அதைத் திருப்பி விட்டனர். தமிழ்நாட்டில் இத்தகைய பட்டையை ‘ரேடியோ காலர்’ என்பார்கள். 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் பிடிக்கப்பட்டு, ரேடியோ காலருடன் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட மக்னா யானை, அதாவது தந்தமில்லா ஆண் யானை, சில வாரங்களிலேயே காட்டைவிட்டு நீங்கிக் கோவையை அடுத்த பேரூர் வரை நடந்துவந்து மீண்டும் பிடிபட்டது. அடுத்த மாதமே தருமபுரி மாவட்டத்தின் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோதமாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன; உடன் வந்த இரு குட்டிகள் தாயற்று நின்றன. கம்பிவேலி தடுக்கும், சில வேளை கொல்லும். புவிவேலி தடுப்பதுமில்லை, கொல்வதுமில்லை, அறிவிக்க மட்டுமே செய்யும்.

அறிவிப்பு உரியவரிடம் உரிய நேரத்தில் சேராவிட்டால் அதனால் பயனில்லை. கர்நாடகத்தில் 2023 நவம்பரில் ரேடியோ காலர் பொருத்தி விடப்பட்ட யானை ஒன்று, 2024 பிப்ரவரி 10 அன்று கேரளத்தின் மானந்தவாடி அருகே ஒருவரைக் கொன்றது. பட்டை சொன்ன செய்தி மாநில எல்லை தாண்டி உடனுக்குடன் பகிரப்பட்டதா என்ற கேள்வி அதன்பின் பெரிதாக எழுந்தது. இதற்கு நேர்மாறான பாடம் வால்பாறையில் கிடைக்கிறது. அங்கு யானைகளின் கழுத்தில் கருவி ஏதுமின்றியே, அவை நிற்கும் இடத்தை நேரில் கண்டறிந்து, 2011 முதல் எஸ்டேட் மக்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும், தொலைவிலிருந்தே கைப்பேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளால் எச்சரிப்பதும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் முயற்சியால் நடைமுறைக்கு வந்து, பல உயிர்களைக் காத்துள்ளன.

காட்டுக்கு வெளியே புவிவேலியின் பயன்கள் பரவலானவை. 2019 முதல் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களுக்கு இருப்பிடக் கருவி கட்டாயம். அத்தகைய கருவி பொருத்திய பள்ளிப் பேருந்தோ சரக்கு லாரியோ குறித்த வழியைவிட்டு விலகினால் உடனே அறிய முடிகிறது. மீன்பிடிப் படகுகளுக்காக இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர், பன்னாட்டுக் கடல் எல்லையைப் படகு நெருங்கும்போதே மீனவரை எச்சரிக்கிறது. பாக் நீரிணையில் தொழில் செய்வோருக்கு அந்த எச்சரிக்கையின் அருமை சொல்லாமலே விளங்கும். டிரோன்கள் பறக்கத் தடைசெய்யப்பட்ட சிவப்பு மண்டலங்களும் வான்வெளியில் வரையப்பட்ட வேலிகளே. மனிதரைச் சுற்றி வரையப்படும் வேலிக்கு மட்டும் வரம்பு வேண்டும். பிணையில் வந்தவர் தம் இருப்பிடத்தைக் காவலருக்கு எப்போதும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது.

ஜவ்வாது மலைச் சூழலுக்கும் யானை புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டக் காடுகளில் சுற்றித் திரிந்த ஆறு யானைகள் 2013இல் கும்கிகள் எனப்படும் பழக்கப்பட்ட யானைகளின் துணையோடு பிடித்து அகற்றப்பட்டன. இனி ஒரு கூட்டம் வரும்போது அமிர்தி போன்ற அடிவார ஊர்களைச் சுற்றிப் புவிவேலி வரைவதானால், விலங்கு இறங்கும் ஓடையும் ஊற்றும் வலசைத் தடமும் எவை என்பதை மலையில் வாழும் மக்களிடம் கேட்டே அந்தக் கோட்டை வரைய வேண்டும். எச்சரிக்கையும் எழுத்தாக மட்டுமன்றி, படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும் வகையில் தமிழில் குரலாகச் செல்ல வேண்டும். வானத்துச் செயற்கைக்கோள் இடத்தைச் சொல்லிவிடும். அதை இரவுக் காவலுக்கு வயலில் படுத்திருக்கும் உழவரின் காதில் சேர்ப்பது அரசும் ஊரும் கூடிச் செய்ய வேண்டிய வேலை.