கவனம் சிதறும் பிள்ளைகள்: பெற்றோர் அறியவேண்டியவை

"கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் வகுப்பில் கவனம் போதாது." ஆண்டிறுதி அறிக்கையில் இவ்வாறு எழுதப்பட்டிருப்பதைக் கண்டு கவலையுறும் தமிழ்ப் பெற்றோர் பலர். வீட்டிலும் வீட்டுப்பாடம் பாதியில் நிற்கும், புத்தகப்பை மறந்துபோகும், ஒரு வேலையைப் பத்துமுறை நினைவூட்ட வேண்டியிருக்கும். சோம்பல், குறும்பு, செல்லம், கைப்பேசி என்று உறவினரும் அயலவரும் பல காரணங்கள் கூறுவர். சில பிள்ளைகளைப் பொறுத்தவரை அவற்றில் உண்மையும் இருக்கலாம். ஆயினும், இந்நிலை மாதக்கணக்கில் நீடித்துப் படிப்பையும் நட்பையும் தன்னம்பிக்கையையும் பாதிக்குமாயின், அது கண்டிப்பினால் தீரும் காரியமன்று. இங்கிலாந்தில் இத்தகைய பிள்ளைகளுக்குப் பாடசாலையும் மருத்துவச் சேவையும் கவுன்சிலும் என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளன என்பதையும், அந்த உதவியைப் பெறுவதில் பெற்றோரின் பங்கு யாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஏடிஎச்டி என்பது யாது?

கவனக்குறைவு, மிகைச் செயற்பாடு, முன்பின் யோசியாது செயற்படுதல் ஆகியவை அனைத்துமோ அவற்றுள் சிலவோ வயதுக்கு மீறிக் காணப்படும் நிலையே ஏடிஎச்டி எனப்படுகிறது. இது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. பெரும்பாலும் குடும்பவழி வருவது. வளர்ப்பின் குறையால் உண்டாவதன்று. சிறுவரில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் இது உள்ளது எனக் கணிக்கப்படுகிறது. அதாவது, 30 பிள்ளைகள் உள்ள வகுப்பொன்றில் ஒருவர் அல்லது இருவர்.

"இரண்டு மணிநேரம் கணினி விளையாட்டில் அசையாமல் இருக்கிறானே, பாடத்தில் மட்டும் ஏன் முடியவில்லை?" என்பது பெற்றோர் இயல்பாகக் கேட்கும் கேள்வி. விளையாட்டு நொடிக்கு நொடி புதுமையையும் பரிசையும் தருகிறது. பெருக்கல் வாய்பாடு அவ்வாறு தருவதில்லை. இப்பிள்ளைகளிடம் கவனமே இல்லை என்பதன்று. தேவையான வேளையில், தேவையான இடத்திற்கு அதைத் திருப்பி நிறுத்துவதே கடினமாக உள்ளது.

எல்லாப் பிள்ளைகளும் ஓடித்திரிவதுமில்லை. யாருக்கும் தொல்லை கொடாமல் சன்னலுக்கு வெளியே நோக்கி அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஏடிஎச்டி இருக்கலாம். குறிப்பாகப் பெண்பிள்ளைகள் "அமைதியானவள், கனவு காண்பவள்" என்று எண்ணப்பட்டு, இடைநிலைப் பாடசாலைக்குச் சென்ற பின்னரே, அதுவும் பாடச்சுமை தாங்காது தளர்ந்த பின்னரே, கவனிக்கப்படுகின்றனர்.

வேறு காரணங்களையும் பார்த்தல்

கவனம் சிதறும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஏடிஎச்டி இருப்பதாகக் கொள்ளலாகாது. நடுச்செவியில் நீர் தேங்கினால் ஆசிரியர் கூறுவது தெளிவாகக் கேளாது. பார்வைக்குறை இருப்பின் பலகையில் எழுதியது தெரியாது. 16 வயதுக்கு உட்பட்டோருக்கு என்.எச்.எஸ். கண்பரிசோதனை இலவசம். 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணிநேர உறக்கம் வேண்டும். பின்னிரவுவரை விழித்திருக்கும் பிள்ளை பகலில் தெளிவாயிருக்க இயலாது. பாடசாலையில் பிற பிள்ளைகளின் துன்புறுத்தல், வீட்டில் நேர்ந்த இழப்பு, நாடுவிட்டு நாடு வந்த கலக்கம், எழுத்துக் கற்றலில் உள்ள இடர்ப்பாடு ஆகியனவும் கவனத்தைக் குலைக்கும். சில நொடிகள் வெறித்துப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்தாலும் உணராத நிலை அடிக்கடி ஏற்படின், அதைத் தாமதமின்றி மருத்துவரிடம் கூறவேண்டும். அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம்.

வீட்டில் தமிழ் பேசுவது கவனக்குறைவுக்குக் காரணமன்று. இரு மொழிகள் பிள்ளையைக் குழப்பும் என அஞ்சித் தமிழை நிறுத்தவேண்டியதில்லை.

வீட்டில் நடப்பதை மறையாது கூறுதல்

ஏடிஎச்டி என உறுதிப்படுத்துவதற்கு இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கியிருத்தல், குறைந்தது ஆறு மாதங்கள் நீடித்திருத்தல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சூழல்களில் காணப்படுதல் ஆகியவற்றை நிபுணர் ஆராய்கின்றனர். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த இரு சூழல்கள் வீடும் பாடசாலையுமே. ஆதலால், பாடசாலை கூறுவது எத்துணை முக்கியமோ, பெற்றோர் கூறுவதும் அத்துணை முக்கியம்.

இங்கேதான் பல குடும்பங்களின் முயற்சி தடைப்படுகிறது. "வீட்டில் எப்படி?" என்று ஆசிரியர் வினவும்போது, "வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று பெற்றோர் கூறிவிடுகின்றனர். ஊரார் என்ன சொல்வார்களோ, பிள்ளையின் எதிர்காலத்திற்குக் களங்கம் வருமோ, சமூக சேவைப் பிரிவினர் வீட்டுக்கு வருவார்களோ என்ற அச்சம் அதற்குக் காரணமாகலாம். மருத்துவப் பதிவு இரகசியமானது. உறவினருக்கோ அயலவருக்கோ அது தெரிவிக்கப்படுவதில்லை. கவனக்குறைவுக்கு உதவி கேட்பது, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதற்கான காரணமும் அன்று. ஆனால் "வீட்டில் ஒன்றும் இல்லை" என்ற ஒரு வரி படிவத்தில் பதிவாகிவிட்டால், இரண்டாவது சூழலுக்கான சான்று இல்லை என்று மதிப்பீடு அங்கேயே நின்றுவிடக்கூடும்.

அச்சமின்றியும் இது நேரலாம். தாய் பையை அடுக்குகிறார்; தந்தை அருகிலமர்ந்து ஒவ்வொரு கணக்காகச் செய்விக்கிறார்; பாட்டி உணவை ஊட்டிவிடுகிறார். எல்லாம் நடந்துவிடுவதால் குறை எதுவும் தெரிவதில்லை. எனவே பிள்ளை என்ன செய்கிறது என்பதோடு, உதவியின்றி எதைச் செய்ய இயலும் என்பதையும் கூறவேண்டும். இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், செய்யவேண்டிய வேலை, எத்தனைமுறை நினைவூட்டப்பட்டது, எவ்வளவு நேரம் சென்றது, உறங்கிய நேரம் ஆகியவற்றை எழுதிவைத்தல் பெரிதும் பயன்படும். அதைத் தமிழில் எழுதினாலும் போதும்.

பாடசாலையின் கடமை

மருத்துவர் சான்று தந்தால்தான் பாடசாலை உதவும் என்பது தவறான எண்ணம். 2014ஆம் ஆண்டின் சிறுவர், குடும்பங்கள் சட்டத்தின்படியும் அதன் கீழான வழிகாட்டு நெறிகளின்படியும், உதவி பிள்ளையின் தேவையைப் பொறுத்ததே. நோயின் பெயரைப் பொறுத்ததன்று. ஒவ்வொரு அரச பாடசாலையிலும் சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான ஒருங்கிணைப்பாளர் ஒருவர் உள்ளார்; அவரைச் "சென்கோ" என்று அழைப்பர். பெற்றோர் முதலில் வகுப்பாசிரியரிடமும், பின்னர் சென்கோவிடமும் எழுத்துமூலம் சந்திப்புக் கேட்கலாம்.

பிள்ளைக்குச் சிறப்பு உதவி தேவையெனக் கண்டால், பாடசாலை தேவையை மதிப்பிட்டு, திட்டமிட்டு, செயற்படுத்தி, பயனை மீளாய்வு செய்யவேண்டும். அதன்பொருட்டு ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறை பெற்றோரைச் சந்திக்கவேண்டும். ஆசிரியருக்கு அருகில் இருக்கை, ஒருநேரத்தில் ஒரே அறிவுறுத்தல், செய்யவேண்டியவற்றின் எழுத்துப் பட்டியல், இடையிடையே எழுந்து நடக்க வாய்ப்பு போன்றவை செலவின்றிச் செய்யத்தக்க மாற்றங்கள். ஏடிஎச்டி அன்றாட வாழ்வைக் கணிசமாகவும் நீண்டகாலமாகவும் பாதிக்குமாயின், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்கீழும் நியாயமான மாற்றங்களைச் செய்வது பாடசாலையின் கடமையாகும். ஜி.சி.எஸ்.இ. தேர்வில் கூடுதல் நேரமோ இடைவேளையோ தேவைப்படின் பாடசாலையே அதற்கு ஏற்பாடு செய்யவேண்டும். அன்றாட வகுப்பிலும் அவ்வுதவி வழக்கமாக இருந்ததா என்று பார்க்கப்படுவதால், இதை முன்கூட்டியே பேசுதல் நன்று.

மருத்துவ வழி

குடும்ப மருத்துவராகிய ஜி.பி. ஏடிஎச்டியை உறுதிசெய்வதில்லை, நிபுணரிடம் அனுப்பிவைப்பார். சில இடங்களில் பாடசாலையே அனுப்பிவைக்கும். பல பகுதிகளில் காத்திருப்பு ஓராண்டுக்கும் மேல் நீள்கிறது. அதுவரை பாடசாலை உதவி நிற்கவேண்டியதில்லை. என்.எச்.எஸ். சந்திப்புகளுக்கு இலவசத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சந்திப்பைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். பிள்ளையையோ அதன் அண்ணன் அக்காவையோ மொழிபெயர்க்கச் செய்தல் தகாது.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோர் பயிற்சி வகுப்பே பரிந்துரைக்கப்படுகிறது. அது பெற்றோரைக் குறைகூறும் வகுப்பன்று. மூத்த பிள்ளைகளுக்குச் சூழலில் மாற்றங்கள் செய்த பின்னும் இடர்ப்பாடு நீடித்தால் மட்டுமே மருந்து பற்றிப் பேசப்படும். மருந்து கட்டாயமன்று, பயன்களையும் பக்கவிளைவுகளையும் கேட்டறிந்து குடும்பமே முடிவு செய்யலாம். தொடங்கினால் உயரம், எடை, இரத்த அழுத்தம், இதயத்துடிப்பு ஆகியன முறையாகக் கண்காணிக்கப்படும். நாட்டு மருந்து ஏதும் கொடுப்பதாயின் அதையும் மருத்துவரிடம் கூறவேண்டும்.

கவுன்சிலின் கடமை

பாடசாலையின் வழக்கமான உதவி போதாத பிள்ளைகளுக்குக் கல்வி, சுகாதாரம், பராமரிப்பு ஆகிய மூன்றையும் இணைத்த சட்டபூர்வத் திட்டம் ஒன்று உண்டு, அது ஈ.எச்.சி. திட்டம் எனப்படும். அதற்கான மதிப்பீட்டைப் பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம். மதிப்பீடு செய்வதா என்பதைக் கவுன்சில் 6 வாரங்களுக்குள் அறிவிக்கவேண்டும். திட்டம் வழங்கப்படுமாயின் முழு நடைமுறையும், குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, 20 வாரங்களுக்குள் முடியவேண்டும். மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு, கட்டணம் இல்லை.

இவற்றில் துணைபுரிய "சென்டியாஸ்" என்னும் ஆலோசனைச் சேவை ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் இயங்குகிறது. அது இலவசமானது, நடுநிலையானது, இரகசியம் பேணுவது. படிவம் நிரப்பவும் கூட்டங்களுக்கு ஆயத்தமாகவும் அது உதவும். ஒத்த வயதுப் பிள்ளைகளைவிட மிகுந்த பராமரிப்பு தேவைப்படும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டி.எல்.ஏ. உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்; அது குடும்ப வருமானத்தைப் பொறுத்ததன்று.

வீட்டில் செய்யத்தக்கவை

பிள்ளையின் அருகே சென்று, பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலையைக் கூறுதல்; சமையலறையிலிருந்து மூன்று வேலைகளை ஒருசேரக் கூறுவதைக் காட்டிலும் அது பயனுள்ளது. வீட்டுப்பாடத்தைப் பத்துப் பதினைந்து நிமிடப் பகுதிகளாகப் பிரிக்கலாம். காலை வேலைகளைப் படங்களாக வரைந்து கதவில் ஒட்டலாம். சரியாகச் செய்ததை உடனே பாராட்டவேண்டும். வார இறுதியில் கிடைக்கும் பரிசு வெகு தொலைவில் உள்ளது. படுக்கைக்குச் செல்வதற்கு ஒரு மணிநேரம் முன்னரே திரைகளை நிறுத்தவேண்டும்.

சனி, ஞாயிறு நாள்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ்ப் பாடசாலை, தனியார் வகுப்பு, மிருதங்கம், நடனம் என்று ஐந்து நாள் பாடசாலைக்குப் பின் மேலும் இரண்டு நாள் அமர்ந்திருக்க நேரும் பிள்ளை இளைப்பாறுவது எப்போது? பிள்ளை விரும்பும் ஒன்றிரண்டைத் தொடர்ந்து, ஓடி விளையாட இடம்விடுதல் நலம். தமிழ்ப் பாடசாலை ஆசிரியரிடமும் பிள்ளையின் நிலையைக் கூறிவைப்பது உதவும்.

அடிப்பதும், உறவினர் பிள்ளையோடு ஒப்பிடுவதும் கவனத்தை வளர்ப்பதில்லை. "நான் முட்டாள்" என்ற எண்ணத்தையே அவை வளர்க்கும். காலப்போக்கில் கவனக்குறைவைவிட அவ்வெண்ணமே பிள்ளைக்குப் பெருந்தடையாகிவிடும்.

வகுப்பாசிரியருக்கு எழுதும் ஒரு சிறு கடிதத்திலிருந்து தொடங்கலாம்: பிள்ளையின் பெயர், வகுப்பு, வீட்டில் கண்ட மூன்று இடர்ப்பாடுகள், சந்திக்க விரும்பும் நாள். அதற்கு மருத்துவச் சான்று எதுவும் தேவையில்லை.