மார்கழித் தேங்காய் எண்ணெயும் டொரன்டோ டயரும்

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு பனிக்கால டயர் பற்றி எழுதுவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கே மார்கழி விடிகாலையில் இருபது டிகிரி என்றாலே குல்லாவும் மஃப்ளரும் வெளியே வந்துவிடும். ஆனால் தெருவுக்கு நாலு பிள்ளைகளாவது டொரன்டோ, மூனிக் என்று போய்விட்ட காலம் இது. டொரன்டோவில் இருக்கும் என் அக்கா பையன் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 வாங்கியிருக்கிறான். "மாமா, இது ஆல் வீல் டிரைவ். நாலு சக்கரமும் இழுக்கும். ஆல் சீசன் டயரே போட்டுக் கொடுத்திருக்கான். இதுக்கு மேல விண்டர் டயர் தண்டச் செலவு இல்லையா?" என்று கேட்டான். வண்டியில் பின்சீட்டில் கைக்குழந்தை. அதனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

ரப்பருக்குக் குளிரில் என்ன ஆகிறது?

மார்கழியில் நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள், உறைந்திருக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் எண்ணெய்தான், குளிரைத் தாங்கும் அளவுதான் வேறு. டயர் ரப்பரும் இப்படித்தான். எண்ணெய் போல உறையாது, ஆனால் குளிரக் குளிர விறைத்துக்கொண்டே போகும். விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதியாது. பதியாவிட்டால் பிடிப்பு இல்லை. பனிக்கால டயரில் கலவையே வேறு. குளிரிலும் இளகி இருக்கும் பாலிமர்களையும் சிலிக்காவையும் சேர்க்கிறார்கள். 7 டிகிரிக்குக் கீழே போனால் மாற்றுங்கள் என்பது பொதுவான கணக்கு. பனியே விழாத, வெறும் குளிர்ந்த தார்ச்சாலைக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, டயர் கட்டிகளில் கத்தியால் கீறினது போன்ற மெல்லிய வெட்டுகள். ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனியைக் கடிக்கும். ஆழமான பள்ளங்களில் பனி அடைத்துக்கொள்ளும். பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால், அடைத்த பனியும் பிடிப்புக்கு உதவும்! ஃபின்லாந்தின் நோக்கியன் கம்பெனி 1934-லேயே பனிக்கென்று தனி டயர் போட்டுவிட்டது.

ஆல் வீல் டிரைவ் எதற்கு உதவும்?

கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு உதவாது. எந்தக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. அந்த விஷயத்தில் எக்ஸ்5-க்குத் தனிச் சலுகை கிடையாது.

"வண்டி கனமா இருக்கே, அழுத்திப் பிடிக்காதா?" என்றும் கேட்டான். ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான். நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் குணகம் × ஜி). இதில் எடையே வரவில்லை. கனம் பிடிப்பைக் கூட்டுகிறது, நிறுத்த வேண்டிய ஆற்றலையும் அதே அளவு கூட்டுகிறது. இரண்டும் அடிபட்டுப் போகும்.

50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். இறுகிய பனியில் உராய்வுக் குணகம் ஒரு டயருக்கு 0.3, இன்னொன்றுக்கு 0.2 என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால், முதல் வண்டி சுமார் 33 மீட்டரில் நிற்கும், இரண்டாவது சுமார் 49 மீட்டரில். வித்தியாசம் 16 மீட்டர். நம்ம ராஜகோபுரத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்! ரோட்டைக் கடக்கிற ஆளுக்கு அந்த 16 மீட்டர்தான் எல்லாம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

1. குறி. 'எம்+எஸ்' என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. மூன்று சிகரம் உள்ள மலைக்குள் பனித்துகள் படம் இருக்கிறதா பாருங்கள். பனியில் சோதித்துத் தேறினால்தான் அது கிடைக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து இந்தக் குறி இருந்தால்தான் பனிக்கால டயர் என்று ஒத்துக்கொள்கிறார்கள்.

2. சுமை எண். 110 என்றால் ஒரு டயர் 1060 கிலோ தாங்கும். வண்டிக்குச் சொன்ன எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. வேகக் குறியீடு கொஞ்சம் குறையலாம், சுமையில் சமரசம் இல்லை.

3. அளவு. பெரிய ரிம் பார்க்க அழகு, ஆனால் பனிக்குச் சின்ன ரிம்மும் ஒடுக்கமான டயரும் நல்லது, விலையும் குறைவு. 275/45 ஆர்20-க்குப் பதில் 265/50 ஆர்19 போட்டால் மொத்த விட்டம் 755-லிருந்து 748 மில்லிமீட்டர் ஆகும். ஒரு சதவீத வித்தியாசம்தான், ஸ்பீடோமீட்டர் தப்பாது. ரிம் பிரேக்கில் இடிக்காமல் உட்காருமா என்று வண்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளணும்.

4. ரன்ஃபிளாட். பல எக்ஸ்5-களில் இந்த டயர்தான் வரும், ஸ்டெப்னி இருக்காது. சாதாரண டயருக்கு மாறினால் பஞ்சருக்கு என்ன வழி என்று முன்னாலேயே யோசிக்கணும்.

5. நாலும் மாற்றணும். முன்னால் இரண்டு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும்.

6. காற்று. 20 டிகிரியில் 36 பிஎஸ்ஐ அடித்த டயர், மைனஸ் 10-ல் சுமார் 31 ஆகிவிடும். பஞ்சர் இல்லை, வாயு விதி. குளிரில் திரும்ப அடிக்கணும்.

செலவு?

கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் போட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி தந்தாக வேண்டும், 2016 முதல் அப்படி விதி. ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் தேயாமல் இருக்கும். ஆக, செலவு தோன்றுகிற அளவுக்கு இல்லை.

வெயில் வந்ததும் கழற்றிவிடணும். அந்த இளகிய ரப்பரை நம்ம சித்திரை வெயிலில் திருச்சி–சென்னை ரோட்டில் ஓட்டினால் அழிரப்பர் மாதிரி தேய்ந்துவிடும், பிரேக் தூரமும் கூடும். டயரைத் தேர்ந்தெடுப்பது காரின் விலை அல்ல, தார்ச்சாலையின் வெப்பநிலை.

வாங்குவதென்றால் அக்டோபரிலேயே சொல்லி வைப்பது நல்லது. முதல் பனி விழுந்த அன்று போனால் டயர் கடையில் சொர்க்கவாசல் வரிசைதான்.