படிக்கப்போகிறவர் யார்?

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது; அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். ஏவப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியிருந்தது. ஓடம் வானில் இருக்கும்போதே பொறியாளர்கள் இந்த மோதலை ஆராய்ந்து, நாசா மேலாளர்களுக்குப் பவர்பாயின்ட் பக்கங்களாகக் காட்டினார்கள். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு, பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில் இருந்தது. முன்பு நடந்த சோதனையில் பயன்பட்ட நுரைத் துண்டு 3 கன அங்குலம், இப்போது மோதியதோ 1,920 கன அங்குலம் என்ற செய்தி அதே பக்கத்தின் அடியில் கடைசி வரியாகக் கிடந்தது. தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பவர்பாயின்ட் வந்து உட்கார்ந்துகொண்டதை விசாரணைக் குழு வெளிப்படையாகவே குறை சொன்னது. எழுதியவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, ஆங்கிலமும் தெரியும். முடிவெடுக்கப்போகிறவர் கண்ணில் எது முதலில் படவேண்டும் என்பதுதான் அந்தப் பக்கத்தில் விட்டுப்போயிருந்தது.

இதை வகுப்பறையில் கற்றுக்கொடுப்பது கடினம். தகவல் தொடர்புப் பாடத்தில் மாணவர் இல்லாத நிறுவனத்தின் இல்லாத மேலாளருக்குக் கடிதம் எழுதுகிறார். உண்மையில் அதைப் படிப்பவர் ஆசிரியர். அவருக்கு அந்தக் கடிதத்தால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. விஷயமும் முன்பே தெரியும். புரியாமல் எழுதினாலும் அவர் புரிந்துகொண்டு மதிப்பெண் போட்டுவிடுவார். மாணவர் பழகுவது பக்கத்தை நிரப்புவதற்குத்தான்.

சமூகத்துக்குத் தேவையான வேலையைச் செய்துகொண்டே பாடம் படிக்கும் சேவைவழிக் கற்றல் இங்கே ஓர் உண்மையான வாசகரைக் கொண்டுவருகிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காயில், லியா ஜேமிசன் என்ற இரு பேராசிரியர்கள் 1995இல் தொடங்கிய ‘எபிக்ஸ்’ திட்டம் இதற்கு நல்ல உதாரணம். முதலாண்டு மாணவர் முதல் இறுதியாண்டு மாணவர் வரை ஒரே குழுவில் சேர்ந்து, உள்ளூர்த் தொண்டு நிறுவனத்துக்கோ பள்ளிக்கோ வேண்டியதைச் செய்துகொடுக்கிறார்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாதனங்களும் அவற்றில் உண்டு. இது விருப்பத்துக்குச் செய்யும் தொண்டு அல்ல, பாடத்திட்டத்துக்குள் மதிப்பெண்ணோடு நடக்கும் வேலை. என்ன தேவை என்று முதலில் கேட்டறிய வேண்டும். கேட்டதை எழுதிக்காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். சாதனத்தை ஒப்படைக்கும்போது பயன்படுத்தும் முறையைக் கையேடாக எழுதி, பயிற்சியும் தர வேண்டும். கையேடு புரியவில்லை என்றால் சாதனம் அலமாரிக்குப் போய்விடும். அதைவிடக் கறாரான தேர்வாளர் யார்? இந்தத் திட்டத்துக்காக காயிலுக்கும் ஜேமிசனுக்கும், அதில் அவர்களோடு பணியாற்றிய வில்லியம் ஓக்ஸுக்கும் 2005இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி கார்டன் பரிசு வழங்கியது.

மாணவர் பழகுவதற்கு ஏழைகளா கிடைத்தார்கள் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கோபம். பருவம் முடிந்ததும் அரைகுறையாக விட்டுப்போகும் திட்டங்கள் ஊருக்கு உபத்திரவம்தான். எபிக்ஸ் திட்டங்கள் பல பருவங்கள் தொடர்வது இதற்காகவே. போகிறவர் வருகிறவருக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்தாக வேண்டும். முன்பின் பார்க்காத ஒருவர் நாளை இதைப் பிரித்துப் பழுதுபார்க்கும்படி எழுதுவது, எந்தப் பாடநூல் பயிற்சியையும்விடப் பெரிய எழுத்துப் பயிற்சி. தொடர்ச்சிக்கு உத்தரவாதம் தர முடியாத கல்லூரி இதில் இறங்காமல் இருப்பதே மேல்.

நம்மூரில் எழும் கேள்வி வேறு: வேலைக்கு எடுப்பவர்கள் ஆங்கிலம் கேட்கிறார்கள், கிராமத்தில் தமிழில் பேசி என்ன பயன்? இந்தியப் பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய அங்கீகார வாரியம், மாணவர் சக பொறியாளர்களோடு மட்டுமல்லாமல் பொதுச் சமூகத்தோடும் தெளிவாகத் தொடர்புகொள்ள வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பொதுச் சமூகம் பெரும்பாலும் தமிழ்தான் பேசும். ஊராட்சியின் குடிநீர் மோட்டாரை இயக்குபவருக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு, அதே வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் தொழில்நுட்ப அறிக்கை என்று இரண்டையும் எழுதிய மாணவருக்கு, ஆள் மாறினால் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பது பிடிபடும். அவருடைய ஆங்கிலமும் இதனால் கூர்மையாகுமே தவிர மழுங்காது.

ஆசிரியர்களின் பளு பற்றிய ஆட்சேபத்துக்குத்தான் எளிய பதில் இல்லை. அறுபது பேர் வகுப்பில், மொழி ஆசிரியர் ஒருவரே எல்லா வரைவுகளையும் திருத்தி, வெளியாட்களையும் சந்திப்பது நடக்காத காரியம். பொறியியல் துறை ஆசிரியரும் மொழி ஆசிரியரும் ஒரே அறிக்கையைச் சேர்ந்து மதிப்பிட வேண்டும். அதை இருவரின் பணி நேரத்திலும் கணக்கில் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை, மாணவர் எழுதிய தமிழ்க் குறிப்பைப் பயன்படுத்தியவரிடமே விட்டுவிடலாம்.