பல்லின் பின்பக்கம் பாருங்கள்

"பல்லு கூசுது டாக்டர். ஐஸ்கிரீமை விடுங்க, வெந்நீர்கூடக் குடிக்க முடியல."

கல்லூரிப் பெண் ஒருத்தி பல் மருத்துவரிடம் வந்து உட்காருவது பெரும்பாலும் இப்படித்தான். எதிரே நின்று பார்த்தால் பல்வரிசையில் குறையில்லை. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, மேல்வரிசை முன்பற்களின் பின்பக்கத்தைப் பார்த்தால் கதை வேறு. எனாமல் வழவழவென்று தேய்ந்து, உள்ளிருக்கும் மஞ்சள் தெரிகிறது. என்றோ அடைத்த கடைவாய்ப் பல்லில், சுற்றியிருந்த பல் கரைந்துபோக, சிமெண்ட் மட்டும் தீவு மாதிரி நிற்கிறது. கீழ் முன்பற்களுக்கு அவ்வளவு சேதமில்லை. நாக்கு மறைத்துக் காப்பாற்றிவிட்டது.

சொத்தை இப்படி இருக்காது. வயிற்றிலிருந்து மேலே வரும் அமிலம் மோதுகிற இடம் இது. நம் உடம்பிலேயே கெட்டியான பொருள் எனாமல்தான். ஆனாலும் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கிவிடும். வயிற்று அமிலத்தின் பிஎச் 1, 2 என்ற அளவில் இருக்கிறது. கரைந்த எனாமல் திரும்ப வளராது.

இப்படி அமிலத்தை மேலே கொண்டுவரும் நோய்களில் ஒன்று புலிமியா. அதை 1979-ல் லண்டன் மனநல மருத்துவர் ஒருவர் தனி நோயாக விவரித்தார். அடக்க முடியாமல் சாப்பிடுவதும், பயந்துபோய் ரகசியமாக வாந்தி எடுப்பதும் மாறி மாறி நடக்கும். எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் வீட்டில் சந்தேகமே வராது. கொடுமை என்னவென்றால், அடிக்கடி வாந்தி எடுப்பதால் காதுக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கி முகம் உப்பும். "என்னடி, கன்னம் சதை போட்டுடுச்சே!" என்பார் அத்தை. அன்றிரவே அந்தப் பெண் மறுபடி கழிவறைக் கதவைத் தாழிடுவாள்.

எனக்குப் பெரிய பயம், இதற்குப் பிறகு நடப்பதுதான். கல்யாணப் பேச்சு எழுந்ததும் பல்லுக்கு கேப் போட்டு, சிரிப்பை அழகாக்கிவிடுகிறோம். வாந்தி நிற்காமல் போடும் கேப்பின் ஓரத்தில் பல் கரைந்துகொண்டேதான் இருக்கும். அதைவிட மோசம், கண்ணில் பட்ட தடயத்தையும் நாமே மூடிவிட்டோம். உள்ளே பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறக்கூடிய நோய் இது! எதுக்களிப்பு நோயிலும் மசக்கை வாந்தியிலும் இதே தேய்மானம் வரும், வாஸ்தவம். அதற்காகக் கேட்காமலே விடலாமா?

பல் மருத்துவர்களே, அம்மாவை இரண்டு நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். அதட்ட வேண்டாம். வாந்தி வந்த கையோடு பல் துலக்கினால் இளகிய எனாமல் இன்னும் தேயும், துளி ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். கேப்புக்கு அளவெடுக்கும் முன் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இதைப் படிக்கும் பெண்ணே, உன் கதையாக இருந்தால் வெட்கப்படாதே. 14416 என்ற மனநல உதவி எண்ணை இரவிலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.