அண்ணாச்சி, அப்பாவுக்கு ஒரு சிகரெட்

மாலை ஐந்து மணிக்கு மேல் பள்ளிச் சீருடையோடு ஒரு பையன் வந்து நிற்பான். பால், பிரெட், அரைக் கிலோ ரவை என்று வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, கடைசியில், "அப்பாவுக்கு ஒரு சிகரெட், அண்ணாச்சி" என்பான். ரவையைக் கட்டிய கையாலேயே பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்போம். சாமான்கள் சிட்டையில் ஏறும். சிகரெட்டுக்கு மட்டும் அவன் தனிக் காசு வைத்திருப்பான். அது ஏன் என்று நாம் கேட்டதில்லை. இப்படிக் கொடுத்ததே இல்லை என்று சொல்லக்கூடிய வணிக நண்பர்கள் கையைத் தூக்கலாம் என்றால், என்னால் தூக்க முடியாது.

தியாகராய நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் என் தகப்பனார் காலத்திலிருந்து எங்களுக்கு மளிகைக் கடை. மேலே சொன்ன பையன் பத்தாம் வகுப்பு மாணவன்; எங்களிடம் மாதக் கணக்கு வைத்திருக்கும் நல்ல குடும்பம். ஐந்தாறு மாதங்கள் இப்படியே போயிற்று. ஒரு முதல் தேதி கணக்குத் தீர்க்க அவன் தகப்பனார் வந்திருந்தார். நானாகத்தான் பேச்சை எடுத்தேன். "பரவாயில்லையே சார், நாளைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டீர்கள் போலிருக்கிறதே" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "நான் விட்டு எட்டு வருஷம் ஆச்சு, அண்ணாச்சி" என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு கல்லாவைக் கட்டும்போது, அந்த ஐந்தாறு மாதத்தில் அந்தப் பையனால் எனக்குக் கிடைத்த லாபம் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு கிலோ துவரம் பருப்பு விற்றால் கிடைத்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அதன் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். படித்ததும் பயம் வந்தது. 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தில் 6-ஆவது பிரிவு நம்மைப் பற்றியது. 18 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. யாருக்காக வாங்குகிறான் என்ற கேள்வியே அங்கே கிடையாது. அப்பாவுக்கு என்றாலும் தாத்தாவுக்கு என்றாலும் வாங்கும் கை யாருடையது என்பதுதான் பேச்சு. வயதில் சந்தேகம் இருந்தால் சான்று கேட்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. வாங்கியவர் சிறுவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடைக்காரர் தலையில்தான்.

இந்தப் பிரிவை மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். "இவ்வளவுதானா?" என்று நம்மில் பலர் இதை அலட்சியமாக எடுத்துக்கொண்டோம். ஆனால் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தை அந்த நண்பர்கள் பார்க்க வேண்டும். அதன் 77-ஆவது பிரிவு, சிறுவருக்கு மது, போதைப் பொருள் கொடுப்பதோடு புகையிலைப் பொருள் கொடுப்பதையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது. ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நான் கொடுத்த ஒவ்வொரு சிகரெட்டும் அந்த வரிக்குள் வரும்.

இன்னொன்று நம்மில் பலருக்குத் தெரியாது. 2011-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 18 வயதுக்குக் குறைந்தவர் புகையிலைப் பொருளைக் கையாளவும் கூடாது, விற்கவும் கூடாது. பள்ளி விட்டு வந்த மகனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு நாம் சாப்பிடப் போகிறோமே, அந்த அரை மணி நேரத்தில் அவன் ஒரு சிகரெட்டை எடுத்துக் கொடுத்தாலும் தவறு நம்முடையது. சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி அடுக்கி வைப்பதும் கூடாது. கண்ணாடி அலமாரி செய்து தருகிறேன், விளக்குப் போட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்கள் அதை எந்த உயரத்தில் வைக்கச் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? மிட்டாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில்தான்.

சரி, எச்சரிக்கைப் பலகையாவது வைப்போம் என்று தீர்மானித்தேன். குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற வாசகம் நம் மொழியில் இருக்க வேண்டும்; புகையிலையின் கேட்டைக் காட்டும் படமும் வேண்டும். பெயிண்டரிடம் சொல்லி எழுதி வாங்கினேன். அதற்குப் பிறகுதான் 100 கஜ விவகாரத்தைக் கவனித்தேன். பள்ளி வாசலிலிருந்து நடந்தால் என் கடை 100 கஜத்தைத் தாண்டித்தான் இருக்கிறது. ஆனால் அளவை வாசலிலிருந்து எடுக்கக் கூடாதாம். பள்ளியின் சுற்றுச்சுவரின் வெளி எல்லையிலிருந்து நேர்கோட்டில் நாலா பக்கமும் அளக்க வேண்டும் என்கிறது விதி. 100 கஜம் என்றால் 300 அடி. சுவருக்கும் என் கடைக்கும் நடுவே இரண்டு வீடுகள்தான். கணக்கு ஒத்து வரவில்லை. பலகையே தேவைப்படாத கடையாகிவிட்டது என் கடை.

நம் தியாகராய நகரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பசுல்லா சாலையில் ராமகிருஷ்ணா மிஷன் பள்ளி, வெங்கட்நாராயணா சாலையில் தக்கர் பாபா வித்யாலயா, திருமலைப் பிள்ளை சாலையில் வித்யோதயா. இவை தவிர எத்தனையோ மாநகராட்சிப் பள்ளிகள், கல்லூரிகள். ஒவ்வொன்றின் மதிலைச் சுற்றியும் 300 அடிக்கு வட்டம் போட்டால் நம் கடைகளில் எத்தனை வெளியே நிற்கும்? புகையிலையற்ற கல்வி நிலையங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் அந்த எல்லையில் மஞ்சள் கோடு போடச் சொல்கிறது. கோடு போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அளவு நாடா நம்மிடமே இருக்கிறது.

பிள்ளைகளின் விஷயத்துக்கு வருகிறேன். 2019-இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயதுள்ள பள்ளி மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவது தெரிந்தது. அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறொரு கணக்கு. சிகரெட் பிடித்துப் பார்த்த பிள்ளைகளில் 38 சதவீதம், பீடி பிடித்தவர்களில் 47 சதவீதம், மெல்லும் புகையிலை போட்டவர்களில் 52 சதவீதம் பேர் பத்து வயது நிறையும் முன்பே தொடங்கியவர்கள். பத்து வயதுப் பிள்ளை பேரங்காடியில் போய் வாங்கியிருக்காது. நம்மைப் போன்ற ஒரு கடையில்தான் வாங்கியிருக்கும்.

புகையை இழுத்த பத்து இருபது வினாடிக்குள் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. மூளையின் வளர்ச்சி இருபத்தைந்து வயது வாக்கில்தான் முடிகிறது என்கிறார்கள்; வளர்கிற மூளையை அது பிடித்தால் பிடி இறுகிவிடும். வாரத்துக்கு ஒன்றிரண்டு பிடிக்கிற பையனுக்குக்கூட அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தொடங்கிவிடலாம். நினைத்தால் விட்டுவிடுவேன் என்று எல்லாப் பையன்களும் சொல்கிறார்கள். நாற்பது வயதுக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

உதிரி விற்பனையைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் முகப்பில் 85 சதவீதம் எச்சரிக்கை இருக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் விட்டுவிட உதவும் தொலைபேசி எண்ணையும் அதில் அச்சிடுகிறார்கள். நாம் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும்போது படமும் போகவில்லை, எண்ணும் போகவில்லை. பாக்கெட் வாங்கக் காசில்லாத பையனுக்கு உதிரிதான் வாசல். மகாராஷ்டிரம் 2020-இல் உதிரி விற்பனையைத் தடை செய்தது. கர்நாடகம் 2025-இல் வாங்கும் வயதையே 21-ஆக உயர்த்தியிருக்கிறது. நம் மாநிலத்துக்கும் அது வரலாம் என்று எதிர்பார்த்து இருப்பது புத்திசாலித்தனம்.

மெல்லும் சரக்கைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஒரு காலத்தில் பெட்டிக்கடை வாசலில் குட்கா பொட்டலங்கள் தோரணம் போலத் தொங்கியதை எல்லோரும் பார்த்தோம். 2001-இல் தமிழக அரசு தடை போட்டது. 2004-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது நிற்கவில்லை. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மறுபடி தடை வந்து, ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இதற்குள் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் சின்னப் பைகள் மாணவர்களிடம் பரவிவிட்டன. 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதைப் பற்றிக் கவலைப்பட்டது. மின்னணு சிகரெட் 2019 முதல் நாடு முழுக்கத் தடை. பேனா மாதிரி இருக்கிறது, செல்போன் உதிரிப் பொருள் மாதிரி இருக்கிறது என்று யாராவது கொண்டுவந்து வைத்தால் வாங்கி வைக்காதீர்கள். இருப்பு வைத்திருப்பதே குற்றம்.

புகையிலை கலக்காத பாக்குப் பொட்டலம் பரவாயில்லை என்று நினைக்கிறவர்களுக்காக ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கொத்தவால் சாவடியில் மூட்டை சுமந்தவர். 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போன பிறகு எங்கள் பக்கம் வந்து கடைகளுக்குச் சரக்கு இறக்குவார். பதின்மூன்று வயதில் பாக்கு போட ஆரம்பித்தவர். பிற்காலத்தில் அவர் வாயில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்காது. உட்புறத் தசை நார் போல இறுகிவிடும் நோய் அது. பாக்கினால் வருவது, புற்றுநோயாகவும் மாறக்கூடியது. பண்டிகை நாளில் எல்லாருக்கும் கொடுக்கிற லட்டை நீரில் கரைத்துத்தான் அவருக்குக் கொடுப்போம். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது.

இந்தக் கதையை அந்தப் பையனிடமும் சொன்னேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான். அறுபது வயதில் வரும் நோயைப் பதினைந்து வயதில் காட்டினால் எந்தப் பிள்ளை பயப்படும்? அவன் சோமசுந்தரம் மைதானத்தில் பந்து வீசுகிறவன். "முன்னே மாதிரி ஓட முடியுதாப்பா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தான். மூன்று ஓவருக்கு மேல் மூச்சு வாங்குகிறது என்று பிறகு அவனே சொன்னான். பற்றிக்கொண்டது அந்த இடம்தான். வாய் நாற்றம், விரலில் மஞ்சள் கறை, கைச்செலவு எல்லாம் கரைவது. பிள்ளைகளுக்கு உறைப்பது இப்படி இன்றைக்குத் தெரிகிற நஷ்டம்தான். அவன் தகப்பனாரும் நல்ல மனிதர், அடிக்கவில்லை. தான் விட்டபோது பட்ட பாட்டை உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதல் மூன்று நாள்தான் கொடுமை. எரிச்சல் வரும், படிப்பில் மனம் நிற்காது, பசி எடுக்கும், தூக்கம் கெடும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகத் தணியும். பிடிக்க வேண்டும் என்ற அந்த வேகம் ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அதற்குள் தண்ணீர் குடித்தோ, நாலு எட்டு நடந்தோ, யாரிடமாவது பேசியோ தள்ளிவிட்டால் போய்விடும். எந்த நண்பர்களோடு எந்த டீக்கடையில் பிடித்தானோ அங்கே சில வாரம் போகாமல் இருக்க வேண்டும். நிக்கோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது என்பதற்காகச் சிறு பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்கக் கூடாது. பாக்கெட்டில் உள்ள 1800-11-2356 என்ற எண்ணில் பேசக் கட்டணம் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நமக்குக் கூப்பிடு தூரம்; நாட்டில் 2002-இல் முதன்முதலாக ஏற்படுத்திய 13 புகையிலை மீட்பு மையங்களில் ஒன்று அங்கேதான் அமைந்தது. புற்றுநோய் வந்த பிறகு போகும் இடம் என்றே நம் ஜனங்கள் அதை நினைக்கிறார்கள்.

பையன் பதினோரு நாள் இருந்தான். ஒரு நண்பனின் பிறந்த நாளில் மறுபடி பிடித்தான். தகப்பனார் என்னிடம் வந்து சொன்னபோது, நானும் எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் சறுக்குவது சகஜம்தானாம். பலர் பல தடவை முயன்றுதான் விடுகிறார்கள். திரும்பத் தொடங்கி இப்போது நான்கு மாதம் ஆகிறது. முழுக்க விட்டுவிட்டான் என்று எழுத எனக்குத் துணிவில்லை.

வியாபாரத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். சிகரெட்டை எடுத்த முதல் மாதம் கல்லா இளைத்தது. சிகரெட்டுக்கு வருகிறவர் தீப்பெட்டி வாங்குவார், பால் வாங்குவார், செல்லுக்கு ரீசார்ஜ் செய்வார். அவர்களில் சிலர் இன்று வரை திரும்பவில்லை. சிகரெட் இருந்த தட்டில் வேர்க்கடலை, கடலை மிட்டாய், முறுக்கு வைத்தேன். விட்ட இடத்தில் முக்கால்வாசி பிடித்திருப்பேன். மீதி நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் பள்ளி விட்டதும் பெண்களும் பிள்ளைகளும் முன்பைவிடக் கூச்சமின்றி வந்து நிற்கிறார்கள். புகைத்துக்கொண்டு நிற்கும் கும்பல் வாசலில் இல்லாததுதான் காரணம் என்று என் மனைவி சொல்கிறாள்.

எழுதி வாங்கிய பலகையை என்ன செய்வது? எங்கள் சந்து முனையில் இருக்கும் கடை 100 கஜத்துக்கு வெளியே வருகிறது, நானே அளந்தேன். பலகையை அவரிடம் கொடுத்துவிட்டேன். முட்டை அட்டைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார். இரண்டு தடவை கேட்டேன். மாட்டுவதற்கு ஆணி இல்லை என்கிறார். நாளைக் காலையில் கடை திறந்ததும் கால் கிலோ ஆணியும் சுத்தியலுமாக நானே போகப் போகிறேன்.