சுவர் முன் எழுந்த கவிதை

அமெரிக்காவில், சிகாகோ நகரின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருவில் பழைய கட்டடம் ஒன்று இருந்தது. 1967-ஆம் ஆண்டில் அவ்வினத்து ஓவியர்கள் அதன் புறச்சுவரில் தலைவர், இசைவாணர், கவிஞர் முதலிய தம் இனத்துப் பெருமக்களின் உருவங்களைத் தீட்டி, ‘மதிப்பின் சுவர்’ எனப் பெயரிட்டனர். ஆகஸ்டுத் திங்களில் அங்கு விழா எடுத்தனர். புலிட்சர் பரிசினை 1950-இல் பெற்ற முதல் கறுப்பினத்தவரான குவெண்டலின் புரூக்ஸ், அச்சுவரைப் பற்றித் தாம் இயற்றிய கவிதையைப் படித்தார். நூல் வாங்கிப் பழகாதோரும் தெருவில் நின்றே கேட்டனர். அந்நாட்களில் அவர் இளங்கவிஞர்களுடன் மதுக்கடைக்குள்ளும் சென்று கவிதை படித்தார். கவிதை கேட்கவா அங்கு வந்திருந்தனர்? ஆயினும் செவி சாய்த்தனர். பின்னர் அக்கட்டடத்தை இடிக்கும் பேச்சு எழுந்தபோது தெருவினர் எதிர்த்து நின்றனர். 1971-இல் தீப்பற்றிய பின்னரே அச்சுவர் மறைந்தது.