டிக்கெட் புத்தகத்தோடு வீட்டுக்கு வரும் பிள்ளை

பாடசாலை விட்டுத் தோட்டத்து லயத்துக்கு ஏறிவரும் பிள்ளையின் பையில், கொப்பிகளுக்கும் சாப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவே சில நாட்களில் இன்னொரு புத்தகமும் இருக்கும். உள்ளங்கை அகலம், ஓரத்தில் ஸ்டேப்ளர் கம்பி, கிழித்துக் கொடுக்கும் இடத்தில் புள்ளிக்கோடு. பாடசாலையின் அதிர்ஷ்டலாபச் சீட்டு. "அம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள பத்தையும் வித்துட்டுக் காசு குடுக்கணுமாம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை முகம் கழுவப் போய்விடும். மலையிலிருந்து இறங்கி அப்போதுதான் கூடையைக் கழற்றி வைத்த தாய் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பாள். முதல் பரிசு என்ன என்று அவள் பார்ப்பதில்லை. ஒரு டிக்கெட் எவ்வளவு என்றுதான் பார்ப்பாள்.

டிக்கெட் ஒன்று 100 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முழுப் புத்தகம் 1000 ரூபா. தோட்டத் தொழிலாளிக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட ஒருநாள் சம்பளம் 1350 ரூபா. அதுவும் தோட்டம் கேட்கும் கிலோ நிறைந்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். ஆக, ஒரு பேரில் முக்கால்வாசியை அந்த உள்ளங்கை அகலப் புத்தகம் விழுங்கிவிடும். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு இரண்டு புத்தகம் வரும். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1750 ரூபாவாக்கும் முன்மொழிவு வந்தது உண்மை. அரிசியும் மாவும் பஸ் கட்டணமும் போக அதில் என்ன மிஞ்சும் என்பது லயத்தில் வாழ்பவர்களுக்குத் தெரியும்.

சரி, யாரிடம் விற்பது? அடுத்த காம்பராவில் இருக்கும் பிள்ளையும் அதே பாடசாலை. அந்த வீட்டிலும் அதே புத்தகம். கீழ் லயத்தில் இருக்கும் சித்தி வீட்டிலும் அதே புத்தகம். ஒரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் தோட்டத்தில் எல்லாரும் விற்பவர்கள், வாங்க ஆளில்லை. இரண்டு மூன்று டிக்கெட்டைத் தோட்டக் கடைக்காரர் முகத்துக்காக வாங்குவார். மீதியைத் தாயே வாங்கி, தன் பெயரையே ஏழெட்டு அடிக்கட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவாள். மாத்தளை நகரில் திருகோணமலை வீதியில் கடை வைத்திருப்பவரின் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்தால் வாடிக்கையாளர்களிடமே விற்றுத் தீர்ந்துவிடும். கச்சேரியில் வேலை செய்யும் தந்தை மேசை மேசையாக நீட்டி ஒரே நாளில் முடித்துவிடுவார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு என்று பார்த்தால் நியாயம் போலத் தோன்றும். உண்மையில் மிக இல்லாதவரிடமிருந்தே மிக அதிகமாக எடுக்கும் முறை இது.

இலங்கையில் கல்வி இலவசம். கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது, 1993இல் இலவசச் சீருடைத் துணி வந்தது. தோட்டப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த வண்டி தாமதமாகவே வந்து சேர்ந்தது. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்தன. ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. 1970களிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாகக் கையேற்றது. அதன் பின் சுவீடனின் சீடா நிறுவன உதவியோடு பல இடங்களில் கட்டடங்கள் எழுந்தன. இன்று மாத்தளையின் எல்கடுவை, கம்மடுவைப் பக்கங்களில் தோட்டப் பாடசாலைகளில் தாய்மார் அமர்ந்து கூட்டம் நடத்தும் வகுப்பறைகள் அந்த வரலாற்றின் மிச்சம்தான்.

இலவசம் என்றால் பிறகு எதற்கு டிக்கெட்?

இந்தக் கேள்வியை அதிபரிடம் கேட்டால் அவரிடமும் பதில் உண்டு, அந்தப் பதிலில் உண்மையும் உண்டு. அரசு ஆசிரியருக்குச் சம்பளம் தருகிறது. தர உள்ளீட்டு நிதி என்று கொஞ்சம் ஒதுக்குகிறது. வெண்கட்டியும் தாளும் அதில் வரும். உடைந்த மலசலகூடக் கதவு, ஒழுகும் கூரைத்தகடு, போட்டோக்கொப்பி இயந்திரத்தின் மை, காவலாளியின் கொடுப்பனவு, வலயப் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் வாடகை இவற்றுக்கெல்லாம் கை எங்கே நீளும்? 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவு உயர்ந்தபோது வீடுகளைப் போலவே பாடசாலைகளும் திணறின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாத்தளை மலைகளைச் சரித்துவிட்டுப் போன பிறகு செலவுகள் இன்னும் கூடின. பழைய மாணவர்கள் கொழும்பிலும் லண்டனிலும் இருக்கும் பாடசாலைக்குக் கணினி அறை கிடைக்கும். பழைய மாணவர்கள் எல்லாரும் அதே மலையில் கொழுந்தெடுக்கும் பாடசாலைக்கு டிக்கெட் புத்தகம்தான் கிடைக்கும்.

ஆகவே பெற்றோரிடம் கேட்கவே கூடாது என்று சொல்வது எளிது, நடைமுறைக்கு ஒத்துவராது. யாரிடம், எப்படி, எவர் கை வழியாகக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கேட்கும் விதங்கள் பல. முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி. இல்லத்துக்குக் கூடாரம் போட, கொடி தைக்கக் காசு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பென்றால் மாதிரி வினாத்தாளுக்குக் காசு. நிதியுதவிப் படக்காட்சிக்கு டிக்கெட், நடைபவனிக்கு டீசேர்ட், கலைவிழாவுக்கு அழைப்பிதழோடு ஒரு கடித உறை. ஏதாவது ஒரு தினத்தின் பெயரால் ஊசியில் குத்திய காகிதக் கொடி. ஒக்டோபர் வந்தால் மூச்சு முட்டிவிடும். 1ஆம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம், அதைச் சுற்றியே நவராத்திரியும் வாணி விழாவும். இலவசக் கல்வி பிறந்த அதே திகதியில் சிறுவர் தினக் கேக்குக்குக் காசு கட்டமுடியாமல் ஒரு பிள்ளை வீட்டில் நின்றுவிடுவது எவ்வளவு வேதனையான விஷயம்! அப்படி நிற்கும் பிள்ளைகள் உண்டு. காய்ச்சல் என்று கடிதம் வரும். வகுப்பாசிரியருக்கும் உண்மை தெரியும்.

பள்ளிப் பிள்ளையிடம் விற்பனைப் பொருளை நீட்டுவது பற்றி இந்த நாட்டில் ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சண்டை நடந்திருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் ஒவ்வொரு நவம்பர் 11ஆம் திகதியும் முதல் உலகப் போர் வீரர்களின் நினைவாகப் பொப்பிப் பூ விற்பார்கள். பணத்தின் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போகும். அதற்கு மாற்றாக உள்ளூர்ப் போர் வீரர்களுக்கு உதவ 1931இல் ஏலியன் பெரேரா சூரியமல் விற்பனையைத் தொடங்கினார். சூரியமல் என்பது நம் வேலியோரத்துப் பூவரசம்பூதான். 1933இல் இளைஞர் அமைப்புகள் அதை ஓர் இயக்கமாக மாற்றியபோது முன்னின்றவர் டொரீன் யங். ஆங்கிலப் பெண்மணி, கொழும்பில் ஆனந்த பாலிகா பாடசாலையின் அதிபர். பிரித்தானியப் படைவீரர்களுக்காக இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளைப் பொப்பி வாங்க வைப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்று 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. வாங்காவிட்டால் வகுப்பில் தனித்துத் தெரிவோம் என்ற அச்சம் ஒரு பிள்ளையிடமிருந்து காசை வரவழைத்துவிடும். அன்று பொப்பிக்கு இருந்த அந்தப் பலம் இன்று டிக்கெட்டுக்கும் இருக்கிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி ஊரில் 1917இல் பெண் சாரணியர் குழு ஒன்று வீட்டில் சுட்ட பிஸ்கட்டை விற்றுத் தொடங்கிய வழக்கம், நாடு முழுவதும் பரவிய பெரும் வணிகமாகிவிட்டது. சொக்கலேற், பரிசுத்தாள் என்று பாடசாலைகளும் அந்த வழியில் இறங்கின. பிள்ளையின் பெயரில் ஓடர் தாளை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சக ஊழியர்களிடம் நீட்டுவது அங்கே தாய் தந்தையரின் வேலை. தமிழ்நாட்டில் 1950களின் இறுதியில் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வேறு வழி காட்டின. ஊர்ப் பெரியவர்கள் கூடி, பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு, ஒருவர் கரும்பலகை, ஒருவர் மேசை, ஒருவர் நிலம் என்று சபையிலேயே கொடுத்தார்கள். கேட்டவரும் பெரியவர், கொடுத்தவரும் பெரியவர். பிள்ளை நடுவில் இல்லை.

பிள்ளை விற்பதே தவறு என்று சொல்ல முடியாது. அதற்கு மாத்தளையிலேயே ஓர் அழகான சாட்சி உண்டு: ஆரம்பப் பிரிவு வகுப்புகள் நடத்தும் சிறுவர் சந்தை.

காலை எட்டு மணிக்கே மைதானத்தில் சாக்கு விரித்தாகிவிடும். இந்த மாவட்டத்து மண் எதைத் தருமோ அதெல்லாம் அந்தச் சாக்கில் இருக்கும். மிளகு, கராம்பு, கோதோடு சாதிக்காய், ஈரப்பலாக்காய், பட்டர்பழம், வாழைப்பூ, வெற்றிலைக் கட்டு, வீட்டுக்குப் பின்னால் கிள்ளிய கீரை. ஒரு மூலையில் வாழையிலையில் அவித்த மரவள்ளியும் கொச்சிக்காய்ச் சம்பலும். அட்டைத்துண்டில் பிள்ளையே விலை எழுதியிருக்கும். '50' என்ற எண்ணில் ஐந்து திரும்பி நிற்கும். "வாங்க மாமா, வாங்க! எங்க தோட்டத்து மிளகு!" என்ற கூவல் கேட்கும். நூறு ரூபாத் தாளை வாங்கிக்கொண்ட இரண்டாம் வகுப்புப் பிள்ளை மிச்சம் கொடுக்க விரல்விட்டு எண்ணும். வாங்க வந்த ஆச்சி அவசரப்படாமல் காத்து நிற்பார். கழித்தலும் நிறுவையும் பேச்சும் அந்த ஒரு காலையில் பிள்ளைக்கு வந்துவிடும். வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்தபடியால் தாயின் கைக்காசும் போகாது. சாதிக்காய் மரம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் கீரைப்பாத்தி மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே ஒரே அகலச் சாக்குதான்.

இந்தச் சந்தையையும் கெடுக்க வழியிருக்கிறது. தம்புள்ளை மொத்தச் சந்தைப் பழத்தைப் பெட்டியோடு வாங்கிவந்து அடுக்கும் பெற்றோரும், கடைக் கேக்கை மேசையில் வைத்துப் படமெடுக்கும் பெற்றோரும் வந்துவிட்டால் கீரைக்கட்டு கொண்டுவந்த பிள்ளை தலைகுனியும். வீட்டில் விளைந்தது அல்லது வீட்டில் செய்தது மட்டும் என்று ஆசிரியர் முதலே கண்டிப்பாகச் சொல்லிவிடும் சந்தைகள்தான் நன்றாக நடக்கின்றன.

பெற்றோருக்குச் சில உரிமைகள் உண்டு. பலருக்கு அவை தெரிவதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அதிபர் தலைவர் என்றாலும், பிள்ளையைச் சேர்த்த ஒவ்வொரு தாயும் தந்தையும் உறுப்பினர். என்ன சேர்ந்தது, என்ன செலவானது என்று கணக்குக் கேட்பது சண்டைக்குப் போவதாகாது. உறுப்பினரின் வேலையே அதுதான். கொடுக்கும் காசுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்கலாம். காசு தராத காரணத்துக்காகப் பிள்ளையை ஒதுக்கவோ தண்டிக்கவோ கூடாது. கூட்டத்தில் பதில் கிடைக்காவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அரச பாடசாலையிடமும் தகவல் கேட்டு விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும்.

ஆனால் லயத்துத் தாய் ஒருத்தி தனியாக எழுந்து நின்று கணக்குக் கேட்பது எளிதல்ல. தன் பிள்ளையை ஆசிரியர் முறைத்துப் பார்ப்பாரோ என்ற பயம் அவளுக்கு இருக்கும். அந்தப் பயத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பயம் குறையும். "காசா இல்லாட்டியும் ஒரு நாள் வந்து கூரைக்குத் தகடு போட்டுத் தாறோம்" என்று தந்தைமார் சொன்னால், அதையும் சங்கம் பங்களிப்பாக ஏற்றுப் பதியவேண்டும். சிரமதானத்தில் மண்வெட்டி பிடித்த கை, டிக்கெட் விற்ற கையைவிடக் குறைவாகக் கொடுத்ததில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காசு கொண்டுவராத பிள்ளைகளின் பெயரை வகுப்பில் வாசிக்காதீர்கள். பெயர்ப்பட்டியலைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். கேட்கவேண்டியிருந்தால் ஒரு கடிதத்தை மடித்து உறையிலிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். இயலாதவர் இயலாது என்று அதே உறையில் எழுதி அனுப்பட்டும்.

அடுத்த பொதுக்கூட்ட அறிவித்தல் பிள்ளையின் பையில் வரும் நாளில், அரைப்பேர் போனாலும் பரவாயில்லை, பெற்றோர் போய் உட்காரவேண்டும். பாடசாலைக்கு என்ன தேவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, டிக்கெட் புத்தகம் அச்சடிப்பதானால் அதை எங்கள் கையில் தாருங்கள், பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள் என்று சொல்லுங்கள்.